ஆறாவது இன்னிங்ஸில் நாம் எடுத்த நான்கு ஓட்டங்கள் செல்லாமல் போனது சரியா?

நடுக்களத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவ்வாய் இரவு கனடாவின் ஸ்காபரோவில் கொட்டும் மழையில் நாம் தோற்ற சொஃப்ட்போல் (பெரிய பந்தால் ஆடும் ஒரு வகை பேஸ்போல்) ஆட்டத்தைப் பற்றிக் குழுவுக்குள் முணுமுணுப்பதைவிட, இங்கே வெளிப்படையாக விவாதிப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அன்று வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாம் வெளியணி என்பதால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதலில் துடுப்பெடுத்தாடினோம். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்து முடிந்தபோது எதிரணி 11, நாம் 9. ஆறாவது இன்னிங்ஸின் முதற்பாதியில் நான்கு ஓட்டங்கள் எடுத்து 13–11 என முன்னிலை பெற்றோம். இரண்டாம் பாதியில் எதிரணி ஓர் ஆட்டமிழப்பைக் கொடுத்து, இருவர் பேஸ்களில் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய தளங்களில்) நின்றிருந்த வேளையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மைதானத்துக்கு எடுத்த அனுமதி நேரம் முடியும்வரை காத்திருந்தும் மழை விடவில்லை. பிறகு அவர் அறிவித்த முடிவு 13–11 அல்ல, ஐந்தாவது இன்னிங்ஸின் இறுதியில் இருந்த 11–9.

முடிக்கப்படாத இன்னிங்ஸில் வெளியணி முன்னிலை பெற்று, உள்ளூர் அணி அதைச் சமன் செய்யுமுன் ஆட்டம் நின்றுவிட்டால், கடைசியாக முழுமையடைந்த இன்னிங்ஸின் ஓட்டக்கணக்கே இறுதி முடிவு என்பது எங்கள் லீக்கின் விதி. விதி இருப்பதை நான் மறுக்கவில்லை. அது நியாயமான விதி அல்ல என்கிறேன். இரண்டாம் பேஸிலிருந்து ஓட்டம் நிறைவுறும் ஹோம் பிளேட் வரை சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தவர்கள் எடுத்த ஓட்டங்களை எடுக்கவே இல்லை என்று சொல்ல எந்த விதிக்கும் உரிமை இருக்கக் கூடாது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஸ்கோர் புத்தகம் எழுதியவன் நான் என்பதால் அந்த நான்கு ஓட்டங்களையும் என் கையாலேயே குறித்தேன். எனினும் விதியின் காரணத்தை நீங்கள் விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். இந்த விளையாட்டில் நியாயம் என்பதே சம வாய்ப்புத்தான். ஒரு இன்னிங்ஸில் நமக்கு மூன்று ஆட்டமிழப்புகள் இருந்தால் அவர்களுக்கும் மூன்று இருக்க வேண்டும். நாம் மூன்றையும் பயன்படுத்தி நான்கு ஓட்டங்கள் எடுத்தோம், அவர்களோ ஒன்றை மட்டுமே இழந்திருந்தார்கள். அந்த நிலையில் 13–11 என்று முடிவு சொல்வது, அவர்களிடம் எஞ்சியிருந்த இரண்டு ஆட்டமிழப்புகளைப் பறிப்பதாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் தோற்றது ஆறாவது இன்னிங்ஸில் அல்ல, ஐந்தாவதில். அதன் முதற்பாதி முடிந்தபோது 9–7 என்று முன்னணியில் நின்றவர்கள் நாம்தான். இரண்டாம் பாதியில் மூன்றாம் பேஸுக்கும் ஷோர்ட் ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் களத்தடுப்பாளர்) நடுவில் தேங்கிய நீரில் ஒரு தரைப்பந்து அப்படியே நின்றுவிட்டது. ஷோர்ட் ஸ்டாப் அதை எடுத்தபோது துடுப்பாளர் முதலாம் பேஸை எட்டும் நிலையில் இருந்தார். பந்தைக் கையில் வைத்திருந்தால் ஓட்டம் எதுவும் போயிருக்காது. எறிந்தார், ஈரப்பந்து விரலைவிட்டு நழுவி, முதலாம் பேஸில் நின்றவரின் தலைக்கு மேலாகப் போய் வேலியில் மோதியது. இருவர் ஓடி வந்து 9–9 ஆக்கினார்கள். அடுத்த அடியில் மேலும் இருவர் வந்தார்கள். மழையில் ஆடும்போது எறியாமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அன்று எதிரணிக்கு அது தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. இதை விட்டுவிட்டு விதிப்புத்தகத்தைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எதிரணிக்காரர் எழுதியது:

என் மச்சான் உங்கள் அணியில் ஆடுவதால் இந்தத் திரியை வாசிக்க நேர்ந்தது. இரண்டு விடயங்களை மட்டும் பதிவு செய்ய அனுமதியுங்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் நீங்கள் எடுத்த நான்கு ஓட்டங்களும் எப்படி வந்தன என்பதையும் சொல்லியிருக்கலாம். எங்கள் பந்துவீச்சாளர் அடுத்தடுத்து மூவரை வோக் (தவறான பந்துகளுக்காக இலவசமாக முதலாம் பேஸ்) கொடுத்து அனுப்பினார். எங்கள் லீக்கில் பந்து குறைந்தது 6 அடி, கூடியது 12 அடி உயரத்துக்கு வளைந்து வந்து ஹோம் பிளேட்டிலோ அதன் பின்னாலுள்ள பாயிலோ விழ வேண்டும். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து முழுக்க நனைந்தபின் அந்த வளைவைக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது பந்து வீசியவர்களுக்குத் தெரியும். அதன்பின் வலப்புற வெளிக்களத்துக்கு அடிக்கப்பட்ட பந்தைத் துரத்திய எங்கள் வீரர் புல்லில் சறுக்கி விழுந்ததால் அந்த மூவரும், அடித்தவரும் வந்து சேர்ந்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் எங்களுக்கு உதவிய மழைதான் ஆறாவதில் உங்களுக்கு உதவியது. ஒன்றைக் கணக்கில் எடுத்து மற்றதை விடுவது முறையல்ல.

அடுத்தது, ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் நடுவர் இரு அணித்தலைவர்களையும் அழைத்து, தொடரலாமா என்று கேட்டார். ஐந்து இன்னிங்ஸ் நிறைவடைந்துவிட்டதால் எங்கள் அணித்தலைவர் போதும் என்று சொல்லியிருந்தால் 11–9 என்ற வெற்றியோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் தொடரலாம் என்றுதான் சொன்னார். அதற்கான நன்றியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வெற்றியைத் திருட்டு வெற்றிபோல எழுதாதீர்கள்.

நடுக்களத்தான் எழுதியது:

எதிரணி நண்பருக்கு: திருட்டு என்ற சொல்லை நான் எழுதவில்லை, அந்த எண்ணமும் இல்லை. உங்கள் அணித்தலைவர் நடந்துகொண்ட விதம் மதிக்கத்தக்கது. ஆனால் அதுவே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஐந்து முடிந்து ஆறாவது தொடங்கிய கணத்திலிருந்து நாம் எந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தோம் என்று பாருங்கள். ஆறாவது இன்னிங்ஸ் முழுதாக முடியாவிட்டால் நாம் எத்தனை ஓட்டம் எடுத்தாலும் செல்லாது. நாம் முன்னிலை பெற்ற பிறகு, துடுப்பெடுத்தாடும் உள்ளூர் அணிக்கு மழை வலுப்பதே இலாபம். ஒவ்வொரு துடுப்பாளரும் கையைத் துடைத்து, கையுறையை மாற்றி, நிதானமாக வந்து நின்றாலே வெற்றி அவர்கள் பக்கம் சாய்கிறது. உங்கள் அணி அப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை, செய்யவும் இல்லை. செய்தால் பயன் கிடைக்கும்படி விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் குறை.

கணக்கப்பிள்ளை அண்ணா, 13–11 என்று முடிவு அறிவிக்கும்படி நான் எங்கும் கேட்கவில்லை. அவர்களுக்கு இரண்டு ஆட்டமிழப்புகள் எஞ்சியிருந்தன என்பது உண்மை, அவற்றை அவர்கள் ஆடட்டும். ஆட்டத்தை அதே நிலையில் நிறுத்திவைத்து, இன்னொரு நாளில் அதே ஓட்டக்கணக்கு, அதே பேஸ் நிலைமை, அதே துடுப்பாளர் என்று தொடரலாம். 2008ஆம் ஆண்டு, அமெரிக்க பேஸ்போலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. ஒக்டோபர் 27 அன்று பிலடெல்பியாவில் இதேபோன்ற மழை. ஐந்து இன்னிங்ஸ் முடிவில் பிலடெல்பியா 2–1 என முன்னிலையில் இருந்தது. ஆறாவதின் முதற்பாதியில், வெளியணியான டம்பா பே சேற்றில் இரண்டாம் பேஸைத் திருடி (பந்து அடிக்கப்படாமலே ஓடிப் பிடித்து), அடுத்த அடியில் ஓட்டம் எடுத்து 2–2 ஆக்கியது. அத்தோடு ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, 29ஆம் திகதி ஆறாவதின் இரண்டாம் பாதியிலிருந்து தொடர்ந்து, பிலடெல்பியா 4–3 என வென்று பட்டத்தையும் பெற்றது. தோற்ற அணியும் தன் வாய்ப்பை முழுதாக ஆடிய பிறகே தோற்றது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இடக்கைக்காரன் எழுதியது:

நான் சென்னையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் என்பதால் ஒரு கேள்வி. ஆட்டத்தைத் தொடர வேறொரு நாள் கிடைக்காவிட்டால், ஏதாவது ஒரு கணக்கு முறையால் முடிவு காண முடியாதா? 1992 உலகக் கிண்ண அரையிறுதியில் சிட்னியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் பன்னிரண்டு நிமிட மழை வந்தது. திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தது ஒரே ஒரு பந்து. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் டக்வர்த்–லூயிஸ் முறை உருவாகி, 1997இல் முதன்முதலாகப் பயன்பட்டது. ஒரு விளையாட்டு தன் மழை விதி தவறு என்று உணர்ந்து மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று. சொஃப்ட்போல் ஏன் ஐந்து இன்னிங்ஸ் என்ற கோட்டையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

கிரிக்கெட்டில் அது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு அணி தன் முழு இன்னிங்ஸையும் ஆடி முடித்த பிறகே அடுத்த அணி தொடங்குகிறது. மழை வரும்போது இரண்டாவது அணியிடம் எத்தனை ஓவர், எத்தனை விக்கெட் எஞ்சியிருக்கின்றன என்பதை வைத்துக் கணக்குப் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை. இங்கே இரு அணிகளும் மாறி மாறி மூன்று ஆட்டமிழப்புகளாக ஆடிக்கொண்டே வருகின்றன. ஒவ்வொரு இன்னிங்ஸின் முடிவிலும் தராசு தானாகவே சமநிலைக்கு வருகிறது. அந்தச் சமநிலை கடைசியாக எப்போது இருந்ததோ அங்கே போய் முடிவைப் பார்ப்பதுதான் இந்த விதி. எனவே இது கணக்குத் தெரியாதவர்கள் எழுதிய விதி அல்ல. இரண்டு பேர் பேஸில், ஒரு ஆட்டமிழப்பு, இரண்டு ஓட்டம் பின்தங்கிய நிலை என்பதற்கு வாய்ப்பு வீதம் போட்டு, புதன்கிழமை காலையில் ஒருவர் மின்னஞ்சலில் வெற்றியாளரை அறிவித்தால் நமக்குத் திருப்தி வருமா? எனக்கு வராது.

பிலடெல்பியா உதாரணத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே அதே மைதானம் இரண்டு நாள் கழித்தும் அவர்களுக்காகக் காத்திருந்தது. நாம் நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த நேரம் முடிந்ததும் மைதானம் நமக்குச் சொந்தமில்லை.

பழைய நடுவர் எழுதியது:

வேறொரு லீக்கில் நடுவராக இருந்தவன் என்ற வகையில் சில விளக்கங்கள் தரலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, சொஃப்ட்போல் ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். ஐந்து முடிந்துவிட்டால், அல்லது உள்ளூர் அணி முன்னிலையில் இருக்கும்போது நாலரை முடிந்துவிட்டால், அது முழு ஆட்டமாகக் கொள்ளப்படும். முடியாத இன்னிங்ஸில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடும் அணி சமன் செய்துவிட்டாலோ முந்திவிட்டாலோ அந்த ஓட்டங்கள் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் முந்தைய முழு இன்னிங்ஸுக்குத் திரும்ப வேண்டும். உங்கள் நடுவர் விதியைச் சரியாகவே பயன்படுத்தினார். ஆட்டம் தொடங்கிய பிறகு நிறுத்துவதா, தொடர்வதா என்பது அவருடைய முடிவு மட்டுமே. அணித்தலைவர்களைக் கேட்டது மரியாதைக்காக. அவருடைய மதிப்பீட்டை எதிர்த்து முறையீடு செய்யவும் முடியாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டுமே, அதுவும் அடுத்த பந்து வீசப்படுமுன், முறையிடலாம்.

இரண்டாவது, வேண்டுமென்றே ஆட்டத்தைத் தாமதப்படுத்தினாலும், ஐந்தை முடிக்கும் அவசரத்தில் வேண்டுமென்றே ஆட்டமிழந்து விரைவுபடுத்தினாலும், அந்த அணி ஆட்டத்தை இழந்ததாக அறிவிக்க நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. நடுக்களத்தான் தம்பி சுட்டிக்காட்டிய ஓட்டையை அடைக்கத்தான் அந்த விதி இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்கு லீக்கில் வேலை முடிந்து வந்து, தன் செலவில் சப்பாத்து வாங்கி ஆடும் மனிதர்களைப் பார்த்து அந்தத் தண்டனையை விதிக்க மனம் வருவது மிகக் கடினம். ஆகவே ஓட்டை நடைமுறையில் திறந்தே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் இப்போது, முடியாத இன்னிங்ஸில் வெளியணி முன்னிலை பெற்று உள்ளூர் அணி அதை மீட்காத நிலையில் ஆட்டம் நின்றால், அது நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு தொடரப்படும். அதாவது தம்பி கேட்பது புதிதல்ல. தேசிய அளவில் ஆடுபவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது, நமக்கு இல்லை.

மூன்றாம்பேஸ் எழுதியது:

எல்லாரும் ஓட்டங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன்: ஆறாவது இன்னிங்ஸ் ஏன் தொடங்கப்பட்டது? ஐந்தாவதுதான் ஏன் ஆடப்பட்டது?

எங்கள் லீக்கில் ஹோம் பிளேட்டிலிருந்து 65 அடியில் மூன்றாம் பேஸ் இருக்கிறது. பந்து அடிக்கப்படும்போது நான் அதற்கும் முன்னால் நிற்பேன். நான்காவது இன்னிங்ஸில் ஒரு துடுப்பாளரின் ஈரக் கையிலிருந்து துடுப்பு நழுவிச் சுழன்று வந்து என் காலடிக்கு முன்னால் சேற்றில் குத்தி நின்றது. பிடிப்பகுதியில் சுற்றியிருந்த நாடா முழுக்க நீர் ஊறியிருந்தது. நடுவர் வந்து பார்த்தார், துண்டு கொடுத்துத் துடைக்கச் சொன்னார், ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த இன்னிங்ஸில் வெளிக்களத்தில் ஒருவர் விழுந்தார், பேஸ் ஓடிய இன்னொருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடி கேட்டிருந்தால் கடைசி முழக்கத்திலிருந்து முப்பது நிமிடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இடியில்லாத மழைக்கு அப்படித் தெளிவான கோடு எதுவும் இல்லை, எல்லாம் ஒருவருடைய கண்மதிப்பில் விடப்பட்டிருக்கிறது.

அந்தக் கண்மதிப்பை வளைப்பது ஐந்து இன்னிங்ஸ் என்ற எல்லைதான். நான்காவதில் நிறுத்தினால் ஆட்டம் செல்லாது, திரும்பவும் மைதானம் தேட வேண்டும், அட்டவணை குலையும். ஐந்தை முடித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆகவே முன்னிலையில் இருப்பவர்களும் நடுவரும் லீக்கை நடத்துபவர்களும் ஐந்தை நோக்கித் தள்ளுகிறார்கள். பின்தங்கியவர்கள் அதற்குமேலும் ஆடிப் பிடித்துவிடலாம் என்று தள்ளுகிறார்கள். போதும் என்று சொல்ல அந்த மைதானத்தில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய நாங்கள் கால் உடைந்து கிடந்தால், 13–11 ஆனாலும் 11–9 ஆனாலும் என்ன பயன்?

துடுப்பு கையிலிருந்து பறந்தாலோ, ஓடுபாதையில் நீர் தேங்கினாலோ, எந்த அணித்தலைவரும் கேட்டவுடன் ஆட்டம் நிறுத்தப்பட வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அக்கா, துடுப்பு பறந்ததை நானும் பார்த்தேன், நெஞ்சு பதறியது. பாதுகாப்புக்கு முதலிடம் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அணித்தலைவர் கேட்டவுடன் நிறுத்த வேண்டும் என்ற விதி வந்தால், நான்காவது இன்னிங்ஸில் எட்டு ஓட்டம் பின்தங்கிய ஒவ்வொரு அணித்தலைவரும் தூறல் விழுந்தாலே கேட்பார். ஆட்டம் செல்லாமல் போகும், அவர் தோல்வியிலிருந்து தப்புவார். நேர்மையான அணிகள் ஆடி நனையும், மற்றவை நனையாமல் தப்பும். அதிகாரம் ஆட்டத்தில் பங்கில்லாத ஒருவரிடம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம்பேஸ் எழுதியது:

அப்படியானால் நிறுத்துவதால் யாருக்கும் இலாபமோ நட்டமோ இல்லாமல் செய்யுங்கள். நான்காவதில் நிறுத்தினாலும் ஆட்டம் செல்லாமல் போகக் கூடாது, அதே நிலையிலிருந்து பிறகு தொடர வேண்டும். எட்டு ஓட்டம் பின்தங்கியவர் நிறுத்தச் சொன்னால், அடுத்த முறையும் எட்டு ஓட்டம் பின்தங்கியே தொடங்குவார். பிறகு யார் பொய்க் காரணம் சொல்லப் போகிறார்கள்?

நடுக்களத்தான் எழுதியது:

அக்கா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். என் கோரிக்கையைவிட அது விரிந்தது, சிறந்ததும்கூட. ஆறாவது இன்னிங்ஸின் நான்கு ஓட்டங்களும் நான்காவது இன்னிங்ஸின் ஆபத்தும் ஒரே விதியில்தான் போய் முடிகின்றன. நின்ற ஆட்டத்தைத் தொடர வழியில்லாததால்தான் ஆபத்திலும் ஆடுகிறோம், ஆடிய ஓட்டங்களையும் இழக்கிறோம். இந்த முடிவை மாற்றும்படி கேட்கப்போவதில்லை. ஆனால் பருவம் முடிந்தபின் நடக்கும் அணித்தலைவர்கள் கூட்டத்துக்கு, மழையால் எந்த இன்னிங்ஸில் நின்றாலும் ஆட்டத்தை நிறுத்திவைத்துத் தொடர வேண்டும் என்ற முன்மொழிவை எழுதி அனுப்பப்போகிறேன்.

எதிரணிக்காரர் எழுதியது:

நல்ல நோக்கம்தான், ஆனால் தொடர்வது எப்போது? எங்கள் அணியில் பாதிப்பேர் இரவு வேலை மாற்றத்தில் இருப்பவர்கள். செவ்வாய் வந்தவர் வியாழன் வரமாட்டார். அதே துடுப்பு வரிசை இல்லாமல் அதே ஆட்டத்தைத் தொடர்வது எப்படி? ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் லீக்கில் ஒரு பெண் வீரர் வர முடியாவிட்டால் வரிசையே குலையும். ஒன்றரை இன்னிங்ஸுக்காக ஒரு மைதானம், ஒரு நடுவர், இருபதுக்கு மேற்பட்ட மனிதர்கள் என்பது பெரிய செலவு. நீங்கள் சொல்லும் விதி வந்தால், தொடர முடியாமல் இரு அணிகளும் வெறுங்கையோடு நிற்கும் ஆட்டங்கள்தான் பெருகும் என்று அஞ்சுகிறேன். தோல்வியானாலும் வெற்றியானாலும் அன்றிரவே முடிவு தெரிந்து வீட்டுக்குப் போவது பொழுதுபோக்கு அணிகளுக்கு ஒரு வகை நன்மை.

பழைய நடுவர் எழுதியது:

ஒரு வழி இருக்கிறது. எந்த இரு அணிகளும் ஒரு பருவத்தில் ஒருமுறைக்கு மேல் சந்திக்கும் லீக்குகளில், அவை அடுத்ததாகச் சந்திக்கும் நாளில், அந்த ஆட்டத்துக்கு முன்னால் எஞ்சிய இன்னிங்ஸை ஆடி முடிக்கலாம். தனி மைதானமோ தனி நடுவரோ தேவையில்லை. வராதவருக்குப் பதிலாக மாற்று வீரரை அதே இடத்தில் ஆட விட வேண்டும். அதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே சண்டை வரும். பருவத்தின் கடைசிச் சந்திப்பில் மழை வந்தால் மட்டும் பழைய ஐந்து இன்னிங்ஸ் விதியைப் பயன்படுத்தலாம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

முழு இன்னிங்ஸுக்குத் திரும்பும் விதி தவறானது என்பதை நான் இன்னமும் ஏற்கவில்லை. தொடர வழியில்லாதபோது அதைவிட நியாயமான முடிவு கிடையாது. ஆனால் தொடர வழி இருக்கும்போது அந்த விதிக்குத் தேவையே எழாது என்பதால், நடுவர் அண்ணா சொன்ன திருத்தத்தோடு முன்மொழிவு வருமானால் எதிர்க்கமாட்டேன். ஆட்டம் நின்ற கணத்தில் எத்தனை ஆட்டமிழப்பு, எந்த பேஸில் யார், துடுப்பாளர் யார் என்பதை இரு அணிகளின் ஸ்கோர் எழுதுபவர்களும் ஒத்துப்பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதையும் சேருங்கள். செவ்வாய் இரவு என் புத்தகத்தின் கடைசிப் பக்கம் நனைந்து மை கரைந்துவிட்டது. இரண்டாம் பேஸில் நின்றவர் யார் என்று இப்போது கேட்டால் நான் எதிரணியைத்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்றாம்பேஸ் எழுதியது:

ஓடுபாதையில் நீர் தேங்கினால் நிறுத்த வேண்டும் என்ற வரியும், துடுப்பு நழுவினால் நடுவர் இரு அணிகளின் துடுப்புகளையும் சோதித்த பிறகே தொடர வேண்டும் என்ற வரியும் முன்மொழிவில் முதலில் வரட்டும். ஓட்டக்கணக்கு பற்றிய பகுதி அதற்குக் கீழே இருக்கட்டும். அந்த வரிசையில் எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன், எங்கள் அணியிலுள்ள மற்றப் பெண்களிடமும் பேசுகிறேன்.